வழக்கறிஞர் ஊதியமும் வழக்குச் செலவும்: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

உரிமையியல் வழக்கொன்றில் வெற்றி பெற்றவர் கையில் கிடைக்கும் தீர்ப்பாணையின் இறுதியில் செலவுப் பட்டியல் ஒன்று இடம்பெறும். நீதிமன்ற முத்திரைக் கட்டணம், அழைப்பாணைச் செலவு, சாட்சிப் படி ஆகியவற்றோடு 'வக்கீல் கட்டணம்' என்னும் வரியும் அதில் உண்டு. தோற்றவர் வென்றவருக்குச் செலுத்த வேண்டிய தொகை அது. ஆனால் வென்றவர் தம் வழக்கறிஞருக்கு உண்மையில் கொடுத்த தொகை வேறு. இரண்டிற்கும் இடையே பெரிய இடைவெளி இருப்பதை நீதிமன்றப் படியேறிய எவரும் அறிவர்.

இவ்விடைவெளி புதிதன்று. தென்னாப்பிரிக்காவில் தாதா அப்துல்லா நிறுவனத்தின் வழக்கிற்காக 1893இல் சென்ற காந்தியடிகள், தம் தன்வரலாற்றில் இதனைக் குறித்துள்ளார். கட்சிகளுக்கு இடையே தீர்க்கப்படும் செலவிற்கு நிலையான அளவு ஒன்று உண்டு என்றும், கட்சிக்காரர் தம் வழக்கறிஞருக்குத் தரும் தொகை அதனினும் மிக அதிகம் என்றும், அதனால் வென்றவரும் செலவு முழுவதையும் மீட்க இயலாது என்றும் அவர் கண்டார். இருதரப்பினரும் உறவினர், ஒரே ஊரார். வழக்கு நீண்டால் வழக்கறிஞர் ஊதியமே இருவர் பொருளையும் கரைத்துவிடும் என உணர்ந்து, நடுவர் தீர்ப்பிற்கு அவர்களை இசையச் செய்தார்.

ஒரே பணிக்கு இரண்டு ஊதியங்கள், ஒன்று ஏட்டிலும் மற்றொன்று கையிலும், எவ்வாறு தோன்றின? அவற்றால் யாருக்கு இழப்பு? இந்தியச் சட்ட வரலாற்றின் வழி இவ்வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகின்றது.

2. தன் வழக்கைத் தானே உரைத்தல்

பழந்தமிழ் இலக்கியம் காட்டும் வழக்காடு களங்களில் ஊதியம் பெற்றுப் பிறர்க்காக வாதிடுவோர் முன்னிற்பதில்லை. சிலப்பதிகாரத்துக் கண்ணகி, பாண்டியன் அவையில் தன் வழக்கைத் தானே உரைத்துச் சிலம்பையே சான்றாகக் காட்டுகின்றாள். பெரியபுராணத்தில், அடிமையோலையுடன் வந்த முதிய அந்தணரும் சுந்தரரும் திருவெண்ணெய்நல்லூர் அவையின்முன் நேர்நின்று வழக்காடுகின்றனர். மூலவோலையும் கையெழுத்து ஒப்புநோக்கலும் அங்கே சான்றுகளாகின்றன. ஓலை, எழுத்து, சான்று ஆகியவை குறித்த நுண்ணிய சட்ட அறிவு அவையோரிடம் இருந்தது. இடைநின்று பேசுவோர் தேவைப்படவில்லை.

வடமொழி நூல்களில் பிறர்க்காக வழக்குரைக்கும் 'நியோகி' பற்றிய குறிப்பு உண்டு. சுக்கிரநீதி இவருக்குரிய ஊதியத்தையும் வரையறுக்கின்றது. வழக்கிற்குரிய பொருளில் 16இல் ஒரு பங்கு என்று தொடங்கி, பொருளின் மதிப்பு உயர உயர 20, 40, 80, 160இல் ஒரு பங்கு எனக் குறைந்து செல்லும் அளவு அது. பேராசையால் மாறாகப் பெறுவோரை அரசன் தண்டிக்க வேண்டும் என்றும் அந்நூல் கூறும். சுக்கிரநீதியின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இடைக்காலத்தது என்பாரும், இன்றுள்ள வடிவம் 19ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது என்பாரும் உளர். பின்னைய கருத்தை ஏற்பின், ஆங்கிலக் கும்பினி ஆட்சியின் கட்டண விதிகளையே அந்நூல் எதிரொலிக்கின்றதோ என்னும் ஐயம் எழும். எனவே இதனைத் தொன்மைக்குச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும், ஊதியத்தை வழக்குப் பொருளின் விகிதமாகக் கணக்கிடுதல், அவ்விகிதத்தை ஆட்சியாளரே வரையறுத்தல் என்னும் இரண்டு கருத்துகளை அது தெளிவாக முன்வைக்கின்றது.

3. அரசு வகுத்த விகிதம் (1793 – 1846)

'வக்கீல்' என்னும் சொல் அரபு மூலத்தது. பிறர்சார்பில் செயற்படுபவர் என்பது அதன் பொருள். முகலாயர் ஆட்சியில் அரசியல் தூதரும் இச்சொல்லாற் குறிக்கப்பெற்றனர். அதனைச் சட்டத் தொழிலுக்குரிய உரிமம் பெற்ற பதவியாக மாற்றியது காரன்வாலிஸ் காலத்து வங்காள ஒழுங்குவிதி (1793ஆம் ஆண்டின் 7ஆம் விதி). சதர் திவானி அதாலத்து வழங்கும் சன்னது பெற்றோரே மாநில நீதிமன்றங்களில் வாதிடலாம்; அவர்கள் இந்துக்களாகவோ இசுலாமியராகவோ இருத்தல் வேண்டும்; ஊதியம் வழக்குத் தொகையின் விகிதமாக விதியிலேயே வரையறுக்கப்பெறும் என்பன அதன் கூறுகள். விதித்ததற்கு மேல் பெறுவோர் பதவியிழக்க நேரிடும்.

சென்னை மாகாணத்தில் 1802ஆம் ஆண்டின் 10ஆம் ஒழுங்குவிதி இம்முறையைப் பின்பற்றியது. வங்காளத்தில் 1814ஆம் ஆண்டின் 27ஆம் விதி முன்னைய விதிகளைத் தொகுத்துத் திருத்தியது. வழக்குத் தொகை உயர உயர விகிதம் குறைந்து செல்லும் முறை இக்காலத்தில் நிலைபெற்றது.

இம்முறையின் நோக்கம் கட்சிக்காரரைக் காத்தலே. ஆயினும் அதில் ஓர் அடிப்படைக் குறை இருந்தது. உழைப்பின் அளவிற்கும் வழக்குத் தொகையின் அளவிற்கும் தொடர்பில்லை. 100 ரூபாய் நிலத்திற்கான பாகப்பிரிவினை வழக்கு பத்தாண்டுகள் நீளலாம். 10,000 ரூபாய்க் கடன்பத்திர வழக்கு ஒரே நாளில் முடியலாம். சிறு வழக்கை எடுத்த வக்கீலுக்கு விதிப்படியான தொகை போதாது. ஆகவே, விதிக்குப் புறம்பாகப் பெறும் வழக்கம் தோன்றுதற்கு விதியே இடந்தந்தது எனலாம்.

1846ஆம் ஆண்டின் முதலாம் சட்டம் இந்நிலையை மாற்றியது. வக்கீல் பதவி சமய, நாட்டு வேறுபாடின்றித் தகுதியுடையோர் அனைவருக்கும் திறந்துவிடப்பெற்றது. கும்பினி நீதிமன்றங்களில் ஆங்கிலப் பாரிஸ்டர்களும் வாதிட வழி பிறந்தது. கட்சிக்காரரும் வக்கீலும் தம்முள் பேசி ஊதியத்தை முடிவு செய்துகொள்ளும் உரிமையும் அளிக்கப்பட்டது. ஆனால், தோற்றவரிடமிருந்து வென்றவர் பெறும் செலவுத் தொகைக்கு நிலையான அளவு தொடர்ந்து நீடித்தது. இரட்டை ஊதியத்தின் தோற்றுவாய் இதுவே. வக்கீலின் கையில் சேர்வது சந்தை வழியே சென்றது. தீர்ப்பாணையில் எழுதப்படுவது விதிவழியே நின்றது.

4. மதிப்பூதியமும் கூலியும்

ஆங்கிலப் பாரிஸ்டரின் ஊதியம் சட்டத்தின் பார்வையில் கூலி அன்று. கட்சிக்காரர் விரும்பி அளிக்கும் மதிப்பூதியம். இக்கருத்தின் வேர் உரோமாபுரியில் உள்ளது. கி.மு. 204இல் இயற்றப்பெற்ற சின்சியச் சட்டம், வழக்குரைப்போர் பரிசுபெறுவதைத் தடைசெய்தது. நடைமுறையில் அத்தடை நிற்கவில்லை. கி.பி. 47இல் கிளாடியசு பேரரசர் 10,000 செஸ்டர்ஸ் என உச்ச வரம்பு வகுத்து ஊதியத்தை ஏற்றுக்கொண்டார். பொருளுக்காகப் பேசுதல் இழிவு என்னும் எண்ணமும், பொருளின்றிப் பேச ஆளில்லை என்னும் உண்மையும் மோதிய இடம் இது.

இங்கிலாந்தில் இக்கருத்து 1863இல் 'கென்னடி எதிர் பிரௌன்' வழக்கில் உறுதிசெய்யப்பட்டது. பரம்பரைச் சொத்திற்காகப் பலகாலம் போராடிய பெண்மணி ஒருவர், தமக்காக வாதிட்ட பாரிஸ்டர் கென்னடிக்கு 20,000 பவுன் தருவதாக வாக்களித்திருந்தார். சொத்துக் கைக்கு வந்தபின் அத்தொகை கொடுக்கப்படவில்லை. பாரிஸ்டருக்கும் கட்சிக்காரருக்கும் இடையே ஊதியம் பற்றிய ஒப்பந்தம் செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊதியம் கேட்டு வழக்கிட இயலாமை பாரிஸ்டரின் மதிப்பிற்கு விலையாயிற்று. தம் கவனக்குறைவிற்காக வழக்கிடப்படாமை அம்மதிப்பிற்குக் கிடைத்த பரிசாயிற்று.

இந்தியாவில் இவ்விரு கருத்துகளும் ஒரே கட்டடத்தில் வாழ்ந்தன. 1862இல் உயர்நீதிமன்றங்கள் நிறுவப்பெற்றபின், பாரிஸ்டர் மதிப்பூதியம் பெறுபவர். வக்கீலோ ஒப்பந்தப்படி ஊதியம் பெறுபவர். கல்கத்தாவிலும் பம்பாயிலும் பாரிஸ்டரின் ஊதியம் ரூபாயிற் சொல்லப்படாமல் தங்க மொகராவிற் சொல்லப்பட்டது. இங்கிலாந்தில் 21 சில்லிங் மதிப்புடைய கினி என்னும் அலகு வகித்த இடத்தை இங்கு மொகரா வகித்தது. 1835ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு மொகரா 15 ரூபாய்க்கு ஈடு. நாணயம் புழக்கத்திலிருந்து மறைந்த பின்னரும் அலகு மறையவில்லை. கூலிக்கும் மதிப்பூதியத்திற்கும் உள்ள தொலைவைச் சொல்லளவிற் காத்த குறியீடாக அது விளங்கியது.

அந்நகரங்களின் உயர்நீதிமன்ற மூலப்பக்கத்தில் கட்சிக்காரர் பாரிஸ்டரை நேரே அணுக இயலாது. அட்டர்னி வழியாகவே அணுக வேண்டும். ஆகவே இருவருக்கும் ஊதியம் கொடுத்தாக வேண்டும். சென்னையில் வக்கீல்கள் மூலப்பக்கத்திலும் பணியாற்ற இசைவு பெற்றிருந்தனர். ஒருவரே மனு அணியம் செய்து வாதிடவும் முடிந்தமையால், கட்சிக்காரரின் சுமை அவ்வளவில் குறைந்தது. சென்னையில் வக்கீல்கள் வலிமையுடைய பிரிவினராக எழுந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

மொழியும் செலவை உயர்த்திய காரணிகளுள் ஒன்று. மாயூரம் முன்சீப்பாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை, உயர்மன்றத் தீர்ப்புகளைத் தமிழிற் சுருக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என 1862இல் வெளியிட்டார். பின்னர் 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' நாவலில், தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதிடுவதை எள்ளி நகையாடினார். தன் வழக்கில் என்ன பேசப்படுகின்றது என்பதை அறியாத கட்சிக்காரர், கேட்ட ஊதியம் தகுமா என்பதை எங்ஙனம் மதிப்பிட இயலும்? தீர்ப்புகளைத் தமிழில் தந்த அவரது முயற்சியை இந்நோக்கிலும் காணுதல் தகும்.

5. 1879, 1926: இரண்டு சட்டங்கள்

1879ஆம் ஆண்டின் சட்டத்தொழிலர் சட்டம் (18ஆம் சட்டம்) மூன்று ஏற்பாடுகளைச் செய்தது. முதலாவது, எதிர்க்கட்சியின் வழக்கறிஞருக்காக ஒரு கட்சி செலுத்த வேண்டிய கட்டணத்தை உயர்நீதிமன்றம் வரையறுக்கும் என 27ஆம் பிரிவு விதித்தது. இரண்டாவது, பிளீடர், முக்தியார் முதலியோர் கட்சிக்காரருடன் செய்துகொள்ளும் ஊதிய ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, கட்சிக்காரர் கையொப்பமிட்டு, 15 நாட்களுக்குள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பெற்றாலன்றிச் செல்லாது என 28ஆம் பிரிவு கூறியது. மூன்றாவது, அவ்வொப்பந்தம் நியாயமற்றது எனக் கண்டால் நீதிமன்றம் தொகையைக் குறைக்கவோ ஒப்பந்தத்தை நீக்கவோ இடமளித்தது.

இவற்றுள் இரண்டாவதும் மூன்றாவதும் குறிப்பிடத்தக்கன. பேசி முடித்த ஊதியம் மறைவில் நில்லாமல் நீதிமன்றத்தின் கண்முன் வர வேண்டும் என்பது அவற்றின் உட்கிடை. 1926ஆம் ஆண்டின் சட்டத்தொழிலர் கட்டணச் சட்டம் (21ஆம் சட்டம்) அப்பிரிவுகளை நீக்கியது. பாரிஸ்டர், வக்கீல் என்ற வேறுபாடின்றி, கட்சிக்காரருக்காகச் செயற்படும் எந்தச் சட்டத்தொழிலரும் ஊதியத்தைப் பேசி முடிக்கலாம், கொடாவிடின் வழக்கிடலாம், அதுபோலவே, தம் கவனக்குறைவிற்காக வழக்கிடப்படவும் கூடும் என அது விதித்தது. மதிப்பூதியக் கோட்பாடு அவ்வளவில் இந்திய மண்ணில் ஓய்ந்தது. உரிமையும் பொறுப்பும் ஒருசேர வந்தன. ஆனால் ஒப்பந்தத்தை நீதிமன்றம் பார்வையிடும் ஏற்பாடு மறைந்தது. இழப்பு எது, பேறு எது என்பதை எடைபோடுவார்க்கு இதுவே முதன்மையான திருப்புமுனை.

6. தரகு

ஊதியத்துள் மறைந்து நின்ற மற்றொரு கூறு தரகு. கட்சிக்காரரை வழக்கறிஞரிடம் அழைத்துவரும் தரகர், பெறும் ஊதியத்தில் பங்கு கொண்டனர். பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் காந்தியடிகளின் முதல் வழக்கிற்கு ஊதியம் 30 ரூபாய். தரகருக்குப் பங்கு தர வேண்டும் என்று சொல்லப்பட்டபோது அவர் உறுதியாக மறுத்தார். மாதம் மூவாயிரம், நாலாயிரம் ஈட்டும் பெருவழக்கறிஞரும் தரகு கொடுப்பதாகக் கூறப்பட்டும் அவர் இசையவில்லை. பின்னர் இராசகோட்டில், வழக்கைத் தரும் வக்கீலுக்குப் பங்களிக்கும் வழக்கத்திற்கு இணங்க நேர்ந்ததையும் அவர் மறைக்கவில்லை. 1909இல் குசராத்தியில் எழுதிய 'இந்திய சுயராஜ்யம்' நூலில், பொது உழைப்பாளரினும் வழக்கறிஞர் மிகுதியாக ஊதியம் பெறுவது ஏன் என்று அவர் எழுப்பிய வினா, இவ்வனுபவங்களின் பின்னணியில் வைத்து எண்ணத்தக்கது.

1879ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, தரகர் பட்டியலை வெளியிட்டு அவர்களை நீதிமன்ற எல்லையினின்றும் விலக்க வழிசெய்தது. அச்சட்டத்தின் பிற பகுதிகள் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தால் வழக்கொழிந்தபோதும் இப்பிரிவு நிலைத்திருந்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் அது வழக்கறிஞர் சட்டத்தினுள் சேர்க்கப்பெற்று, பழஞ்சட்டம் நீக்கப்பட்டது. 1961க்குப்பின் ஒரு சட்டம் தரகிற்காகவே உயிர்வாழ நேர்ந்தமை, அவ்வழக்கத்தின் வலிமைக்குச் சான்றாகும்.

7. வெற்றியிற் பங்கு

பொருளற்ற கட்சிக்காரர் வெற்றிக்குப்பின் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கைத் தருவதாகக் கூறி வழக்கறிஞரை அமர்த்தலாமா? இங்கிலாந்தின் பழஞ்சட்டம், பிறர் வழக்கிற்குப் பொருளுதவி செய்து பலனிற் பங்குபெறுவதைக் குற்றமாகக் கருதியது. அச்சட்டம் இந்தியாவிற் செல்லாது எனப் பிரிவி கவுன்சில் 1876இல் முடிவு செய்தது. நியாயமற்றதாகவோ பொதுநலனுக்கு மாறானதாகவோ இல்லாத வரையில், அத்தகைய ஒப்பந்தம் இங்குச் செல்லும்.

ஆனால் வழக்கறிஞர்க்கு இவ்வுரிமை இல்லை. மீட்கும் தொகையிற் பாதியை ஊதியமாகப் பேசிய மூத்த வழக்கறிஞர் ஒருவரைப் பற்றி உச்சநீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. வழக்கறிஞரல்லாத ஒருவர் செய்திருந்தால் குறைகாண இயலாத ஒப்பந்தம், வழக்கறிஞர் செய்தமையால் தொழில் ஒழுக்கக்கேடு ஆகும் என்பது அதன் சாரம். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 1975ஆம் ஆண்டு விதிகளுள் 20ஆம் விதி இதனையே வலியுறுத்துகின்றது. தெலங்காணாவிலிருந்து வந்த சாலை விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில், இழப்பீட்டின் விகிதமாகக் கேட்கப்பட்ட ஊதியம் பொதுக்கொள்கைக்கு மாறானது என 2017இல் உச்சநீதிமன்றம் கூறியது. வழக்கறிஞரல்லாதார் வழக்கிற்குப் பொருள் தந்து முடிவிற்குப்பின் திரும்பப் பெறுவதற்குத் தடையில்லை என்றும் 2018இல் அதே மன்றம் குறிப்பிட்டது.

1793இல் அரசே விகித ஊதியத்தை விதித்தது என்பதை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். விகிதம் அன்று விதி, இன்று குற்றம். இதில் முரண்பாடு உண்டு போலத் தோன்றினும் உண்மையில் இல்லை. 1793இன் விகிதம் யாவரும் அறிய எழுதப்பெற்றது. வெற்றி தோல்வியைப் பொருட்படுத்தாதது. இன்று விலக்கப்படுவதோ, துயருற்றவரின் தேவையைப் பயன்படுத்தித் தனியே பேசப்படுவது. வழக்கின் முடிவில் வழக்கறிஞரையும் பங்காளியாக்குவது.

8. ஏட்டில் ஒன்று, கையில் ஒன்று

இன்று ஊதியம் பலவாறு பேசப்படுகின்றது. வழக்கு முழுமைக்கும் ஒரே தொகை, மனு எழுதுதல் முதல் இறுதி வாதம் வரை நிலைதோறும் ஒரு தொகை, வாய்தாதோறும் ஒரு தொகை என்பன பெருவழக்கு. குமாஸ்தாவின் செலவு பெரும்பாலும் தனி. வாய்தாதோறும் கணக்கிடும் முறையில், காலதாமதத்தின் செலவு முழுவதும் கட்சிக்காரர் தலையில் விழும்.

தீர்ப்பாணையில் எழுதப்படும் தொகையோ இன்றும் பழைய வழியிலேயே செல்கின்றது. வழக்கறிஞர் சட்டத்தின் 34(1அ) பிரிவு 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தாற் சேர்க்கப்பெற்றது. எதிர்க்கட்சியின் வழக்கறிஞருக்காகச் செலுத்தும் கட்டணத்தை உயர்நீதிமன்றம் விதிகளால் வரையறுக்கும் என்பது அதன் பொருள். 1879ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவே ஏறத்தாழ அதே சொற்களில் மறுபிறப்பெடுத்துள்ளமை, இரண்டையும் ஒப்புநோக்குவார்க்குப் புலனாகும். பணம் செலுத்த இயலும் கட்சிக்காரரிடம் இவ்விதிக் கட்டணத்திற்குக் குறைவாகப் பெறலாகாது என 1975ஆம் ஆண்டு விதிகளின் 38ஆம் விதி கூறுகின்றது. ஒருகாலத்தில் உச்சவரம்பாக இருந்த அளவு இவ்வாறு கீழ்வரம்பாக மாறிவிட்டது. இம்மாற்றமே இவ்வரலாற்றின் சாரம்.

இதன் விளைவை 2011ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பொன்று தெளிவாகக் காட்டும். மேல்முறையீடு ஒன்றில் உண்மையான செலவு எனத் தில்லி உயர்நீதிமன்றம் 45 இலட்சம் ரூபாய்க்கு மேல் வழங்க ஆணையிட்டிருந்தது. விதிகள் வகுத்த அளவிற்கு அப்பால் செல்ல இயலாது என்று கூறி உச்சநீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. அதேவேளையில் விதிகள் நடைமுறைக்கு ஒவ்வாதபடி பின்தங்கியிருப்பதையும் சுட்டி, திருத்தம் வேண்டும் என்றது. செலவு என்பது நியாயமான உண்மைச் செலவாக இருத்தல் வேண்டும் என 2005இலேயே சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் அம்மன்றம் அறிவுறுத்தியிருந்தது. 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டம் வணிக வழக்குகளுக்கு மட்டும் செலவு விதியை மாற்றியமைத்தது. நிலம், வீடு, பாகம், சீவனாம்சம் ஆகியவற்றிற்காக வரும் எளிய மக்களின் வழக்குகளுக்கு அம்மாற்றம் எட்டவில்லை.

வறியவர்க்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 1976இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பெற்ற 39அ உறுப்பும், 1987இல் இயற்றப்பெற்று 1995இல் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணையச் சட்டமும் அதற்கு அடிப்படை. செல்வர்க்கு ஊதியம் பொருட்டன்று. இவ்விருவர்க்கும் இடைப்பட்டோரே இரட்டை ஊதியத்தின் சுமையைத் தாங்குபவர். இலவச உதவிக்கு வருமான வரம்பு அவர்களைத் தடுக்கும். வென்றாலும் செலவு திரும்பாது. ஆகவே சிறிய உரிமைகளை அவர்கள் வழக்கின்றியே விட்டுவிடுதல் இயல்பாகின்றது. வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்பிற்குள் வாராது என 2024 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் முடிவு செய்தபின், ஊதியம் பற்றிய முறையீட்டிற்கு உரிமையியல் நீதிமன்றமும் வழக்கறிஞர் மன்றமுமே எஞ்சி நிற்கின்றன.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படும்.

வழக்கறிஞர் ஊதியத்தை அரசு வரையறுத்த காலமும் (1793–1846), கட்சிகள் பேசி முடிப்பதை நீதிமன்றம் பார்வையிட்ட காலமும் (1879–1926), முழுமையாக ஒப்பந்தத்திற்கே விட்டுவிட்ட காலமும் (1926க்குப்பின்) இந்தியச் சட்ட வரலாற்றில் அடுத்தடுத்து வந்துள்ளன. ஒவ்வொரு மாற்றத்திலும் வழக்கறிஞர்க்கும் கட்சிக்காரர்க்கும் இடையிலான ஊதியமே மாறியது. வென்றவர்க்குக் கிடைக்கும் செலவுத் தொகை 1793இன் எண்ணப்போக்கிலிருந்து பெரிதும் விலகவில்லை.

ஊதியம் மிகுதி என்னும் குறைபாட்டை வழக்கறிஞரின் பேராசையாக மட்டும் காணுதல் வரலாற்று நோக்கிற் பொருந்தாது. ஊதியத்தை விடுவித்த சட்டம் செலவுத் தொகையை விடுவிக்கவில்லை. ஒப்பந்தத்தை எழுத்தில் வைக்குமாறு கேட்ட சட்டத்தையும் காலம் நீக்கிவிட்டது. ஊதியத்திற்கு உச்சவரம்பு காணும் முயற்சி உரோமாபுரி முதல் வங்காளம் வரை எங்கும் நிலைக்கவில்லை. ஆனால் ஊதியத்தை வெளிப்படையாக எழுதி வைத்தலும், செலவு விதியைக் காலத்திற்கேற்பத் திருத்துதலும் இயலாதவை அல்ல. முன்னதற்கு 1879ஆம் ஆண்டுச் சட்டமே முன்மாதிரி.

கண்ணகிக்கு வழக்குச் செலவு இல்லை. எனினும் அவள் நீதியைப் பெற்றபோது இழந்ததை மீட்க இயலவில்லை. இன்றைய கட்சிக்காரர் நீதி பெறும்போது, அதனைப் பெறுதற்குச் செலவிட்டதையேனும் மீட்க இயல வேண்டும்.